மட்டாஞ்சேரி மணிக்கூண்டு முதல் சேந்தமங்கலத்துக் கல் வரை: யூத ஜெபாலயச் சுவர்களைப் படிக்கும் முறை

கொச்சி மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெபாலயத்துக்கு வருகிறவர்கள் மணிக்கூண்டை அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், உள்ளே போய்விடுகிறார்கள். அந்தக் கடிகாரத்தின் முகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ரோமன் எண் போட்ட முகம் உண்டு, மலையாள எண் போட்ட முகம் உண்டு, எபிரேய எழுத்து நிற்கும் முகமும் உண்டு. எபிரேயம் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் படிக்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடையாது. விடையோடு சேர்த்துக் கொடுத்த வினாத்தாள் இது: உச்சியில் 12, அடுத்து 1, அதற்கடுத்து 2 என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த எழுத்துக்கு என்ன மதிப்பு என்பதை முள்ளே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை மூன்று இடங்கள். ஒன்று, 1568-இல் கட்டப்பட்டு, 1662-இல் போர்த்துக்கீசியரால் சேதப்பட்டு, டச்சுக்காரர் வந்தபின் 1664-இல் புதுப்பிக்கப்பட்ட பரதேசி ஜெபாலயம். அதன் வளாகச் சுவரில் பதித்திருக்கும் 1344-ஆம் ஆண்டுக் கொச்சங்காடிக் கல்லும், அதாவது கொச்சங்காடியில் இருந்த பழைய ஜெபாலயத்தின் கல்லும், இதில் சேரும். இரண்டாவது, 1616-இல் எழுந்த வடக்குப் பறவூர் ஜெபாலயம். மூன்றாவது, கொச்சியிலிருந்து சுமார் 40 கி.மீ. வடக்கே, சேந்தமங்கலம் ஜெபாலயத்தின் முன் நிற்கும் கல்லறைக் கல். (நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் வேறு, இது எர்ணாகுளம் மாவட்டத்தில் இருப்பது.) கேள்வி ஒன்றுதான்: சுவரில் இருக்கும் எழுத்தையும் சின்னத்தையும் மட்டும் வைத்து ஒரு கட்டடத்தைப் பற்றி எவ்வளவு தூரம் நம்பிக்கையாகப் பேசலாம்?

‘பரதேசி’ என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்கள், அலெப்போ போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள் என வேற்று தேசத்தவர் கட்டியது என்பதே அதன் பொருள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே வேரூன்றிய மலபார் யூதர்களின் ஜெபாலயங்கள் தனி.

எழுத்தே எண்

எபிரேயத்தில் 22 எழுத்துகள். தமிழ் வேதாகமத்தில் 119-ஆம் சங்கீதத்தைப் புரட்டியவர்களுக்கு இவற்றின் பெயர்கள் புதிதல்ல. அங்கே எட்டு வசனத்துக்கு ஒரு எழுத்தாகத் தலைப்பிட்டிருக்கும். எழுத்து எண்ணாக நிற்பதும் நமக்குப் புதிதல்ல. பழைய தமிழ் ஏடுகளில் க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு, ய என்றால் பத்து. எபிரேயக் கணக்கு அதைவிட எளிது. பெருக்கல் இல்லை, வெறும் கூட்டல்.

ஆலெஃப் 1, பேத் 2, கிமெல் 3, தாலெத் 4, ஹே 5, வாவ் 6, ஸயின் 7, ஹேத் 8, தேத் 9. அடுத்த ஒன்பதும் பத்துப் பத்தாக ஏறும்: யோத் 10, காஃப் 20, லாமெத் 30, மேம் 40, நூன் 50, ஸாமேஹ் 60, அயின் 70, பே 80, ஸாதே 90. கடைசி நான்கும் நூறுகள்: கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. ஐந்நூறுக்குத் தனி எழுத்து கிடையாது. தாவ், கோஃப் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். வலமிருந்து இடமாக, பெரிய மதிப்பு முதலில் வரும். இந்த இறங்குவரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல பொறிகளிலிருந்து இதுதான் காப்பாற்றும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 15-ஐ 10+5 என்றும் 16-ஐ 10+6 என்றும் எழுதமாட்டார்கள். இரண்டும் இறைவனின் பெயரோடு ஒட்டிப்போகும். 9+6, 9+7 என்று எழுதுவார்கள். மாதத்தின் 15-ஆம் நாளைக் குறிக்கும் கல்லில் தேத், வாவ் என்று கண்டால் செதுக்கியவர் தப்புச் செய்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது கடிகாரத்துக்கு வருவோம். பத்து மணி வரை ஒற்றை எழுத்துகள். 11-இல் இரண்டு: வலப்பக்கம் யோத், இடப்பக்கம் ஆலெஃப். 12-இல் யோத், பேத். கடிகார முகத்தை மறுபடி வண்ணம் தீட்டும்போது தப்பு நுழையக்கூடிய இடம் இந்த இரண்டே. இடமிருந்து வலமாக எழுதிப் பழகிய கை யோத்தை இடப்பக்கம் வைத்துவிடும். யோத் மிகச் சிறிய எழுத்து, காற்புள்ளியைத் தூக்கி மேலே தொங்கவிட்டது போல இருக்கும். அது ஆலெஃபின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் போதும். எபிரேயம் வலமிருந்து இடம் போவதால் முள்ளும் எதிர்த்திசையில் சுற்றும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி ஒரு கடிகாரம் உண்டு, ப்ராக் நகரின் பழைய யூத நகர்மன்றத்தில். அது வேண்டுமென்றே செய்த விசித்திரம், விதி அல்ல.

மணிக்கூண்டைக் கட்டுவித்தவர் எசெக்கியேல் ரஹபி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வணிகராக இருந்த செல்வாக்கு மிகுந்தவர். ஆண்டு 1760 என்பார்கள். எபிரேயக் கணக்கில் அது 5520, அல்லது இலையுதிர் காலத்துக்குப் பிறகு என்றால் 5521.

ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள்

கல் தேய்ந்திருந்தாலும், சுண்ணாம்பு பத்து அடுக்கு ஏறியிருந்தாலும் முதலில் அழிவது எழுத்தின் மூலைகள். எபிரேயத்தில் மூலைதான் உயிர்.

தமிழ் ‘ட’வைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு கூரை, வலப்பக்கம் ஒரு கால். அதுதான் ரேஷ். அதே வடிவத்தில் வல மூலையில் கூரை சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தாலெத். ஒரு அரிசியளவு நீட்டம். அது தேய்ந்துபோனால் 4 என்பது 200 ஆகிவிடும். ஆண்டு 196 தள்ளிப்போகும். இது ஆண்டுக் கணக்கோடு நிற்பதில்லை. ‘கர்த்தர் ஒருவரே’ என்ற உபாகம வசனத்தில் ‘ஒருவர்’ என்ற சொல் தாலெத்தில் முடிகிறது. அதை ரேஷாக வரைந்தால் ‘வேறொருவர்’ என்றாகிவிடும். தோராச் சுருளில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களை எழுதிய சுருளில், அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதும் மரபே இருக்கிறது. சுவரில் வண்ணம் பூசுகிறவருக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

‘ப’வைக் கவிழ்த்தால் ஹேத், அதாவது 8. இடக்கால் கூரையைத் தொடாமல் இடைவெளி விட்டு நின்றால் ஹே, 5. இடக்காலின் அடியில் வெளிப்பக்கமாக ஒரு பாதம் வளைந்திருந்தால் தாவ், 400. மூன்றும் ஒரே எழுத்தின் சாடை. ஹே–ஹேத் குழப்பத்தில் போவது மூன்று ஆண்டு. ஹேத்–தாவ் குழப்பத்தில் 392 ஆண்டு. பேத்துக்குக் கீழ்க்கோடு வலப்பக்கம் நீண்டிருக்கும், காஃப் முழுக்க வளைந்திருக்கும்: 2-க்கும் 20-க்கும் இடையே 18 ஆண்டு. சொல்லின் கடைசியில் வரும் மேம் மூடிய சதுரம், ஸாமேஹ் மூடிய வட்டம்: 40-ஆ 60-ஆ என்ற வழக்கு இருபது ஆண்டு. கல்லில் சதுரமும் வட்டமும் காலப்போக்கில் ஒன்றாகிவிடுவதால் இந்தக் குழப்பத்துக்கு வடிவம் மட்டும் போதாது, சொல்லையும் படித்தாக வேண்டும்.

எழுத்துகள் மேற்கோட்டிலிருந்து தொங்குகின்றன என்பதையும் கவனியுங்கள். தேவநாகரியில் தொங்குவது போல. அந்தக் கோட்டைத் தாண்டி மேலே தலை நீட்டும் எழுத்து ஒன்றே ஒன்று, லாமெத். கல் தலைகீழாகப் பதிக்கப்பட்டிருக்கிறதா, படம் இட வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று அறிய லாமெத்தைத் தேடினால் போதும். அதன் கழுத்து மேலே, எழுத்தின் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். கழுத்து கீழே போனால் கல் தலைகீழ். வலப்பக்கம் போனால் படம் கண்ணாடிப் பிம்பம். பழைய கட்டடம் இடிந்து கல் வேறு சுவருக்குப் போகும் இடங்களில் இரண்டும் நடக்கும்.

வரியின் முடிவில் ஓர் எழுத்து மட்டும் இழுத்துக்கொண்டே போனால் அது புதிய எழுத்து அல்ல. எபிரேயத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் இல்லாததால் இடத்தை நிரப்ப ஆலெஃப், ஹே, லாமெத், தாவ், இறுதி மேம் ஆகியவற்றை அகலமாக நீட்டுவார்கள்.

சேந்தமங்கலத்துக் கல்: எந்த ஆண்டு முறை?

‘ஸாரா பத் இஸ்ராயேல்’, அதாவது இஸ்ராயேலின் மகள் ஸாரா. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கற்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது இவருடையது. கொடுங்கல்லூர்ப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. அதில் உள்ள ஆண்டு 1581. எந்தக் கணக்கில் 1581?

உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் யூத ஆண்டு என்று எடுத்தால் கிறிஸ்துவுக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்னால் போய் நிற்போம். கிறிஸ்து ஆண்டு என்று எடுத்தால், எபிரேயக் கல்லறைக் கல்லில் அந்தக் காலத்தில் அதை எழுதியிருக்க மாட்டார்கள். இது செலூக்கிய ஆண்டு. கி.மு. 312-இன் இலையுதிர் காலத்தில் தொடங்கும் கணக்கு. பத்திரங்களில் நாள் குறிக்கப் பயன்பட்டதால் யூதர்கள் ‘பத்திரக் கணக்கு’ என்றே பெயரிட்டார்கள், எபிரேயத்தில் ‘ஷ்தாரோத்’. பாபிலோன், ஏமன் பக்கத்து யூதரிடம் நெடுங்காலம் நிலைத்த முறை. மலபாரில் இது தென்படுவதே அந்தக் கடல்வழித் தொடர்புக்குச் சாட்சி. இந்தக் கணக்கில் ஆண்டின் தொடக்க மாதங்களுக்கு 312-ஐயும், ஜனவரிக்குப் பிந்தைய மாதங்களுக்கு 311-ஐயும் கழிக்க வேண்டும். 1581-இல் 312 போனால் 1269.

எவ்வளவு எளிதாகத் தவறிவிடலாம் என்று பாருங்கள். எபிரேயத் தேதிகளில் ஆயிரத்தை விட்டுவிடும் வழக்கம் பரவலாக உண்டு. 581 என்பது தாவ், கோஃப், பே, ஆலெஃப். இந்த நான்கு எழுத்தை மட்டும் படித்துவிட்டு, வழக்கம்போல முன்னால் ஐயாயிரத்தைச் சேர்த்தால் 5581 ஆகும், அது 1820–21. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லாகிவிடும். ஆகவே எண்ணைக் கூட்டுவதற்கு முன் அதன் பக்கத்துச் சொல்லைத் தேடுங்கள். ஷின், தேத், ரேஷ், வாவ், தாவ் என்ற ஐந்தும் சேர்ந்து வந்தால் பத்திரக் கணக்கு. ஸாதே, யோத், ரேஷ், ஹே கலந்த ‘யெட்ஸிரா’ என்ற சொல் வந்தால் படைப்புக் கணக்கு.

படைப்புக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டு தொடங்குவது செப்டம்பர்–அக்டோபரில் வரும் திஷ்ரி மாதத்தில். திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்று மாதம் இருந்தால் 3761-ஐக் கழியுங்கள். ஷெவாத் முதல் எலூல் வரை 3760. தேவேத் மாதம் ஜனவரியைத் தொட்டு நிற்கும், அதற்கு நாளையும் பார்க்க வேண்டும். மாதம் இல்லாத கல்லுக்கு ஒற்றை ஆண்டைச் சொல்வது அவசரம். ‘1615–16’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. ஒரே ஜெபாலயத்துக்கு இரண்டு வழிகாட்டிகள் ஓராண்டு வித்தியாசத்தில் தேதி சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. இருவரில் யாரும் பொய் சொல்வதில்லை.

இங்கே ஒரு செப்பேட்டையும் சொல்லியாக வேண்டும். பரதேசி ஜெபாலயத்தில் பாதுகாக்கப்படும் யூதச் செப்பேட்டில் எபிரேயமே கிடையாது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் 72 சிறப்புரிமைகளும் வழங்கியது. எழுத்து வட்டெழுத்து, கிரந்தம் கலந்தது. அரசன் பெயர் அதில் ‘பாற்கரன் இரவிவன்மன்’ என்றே வருகிறது. ஆண்டோ ‘இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு’, அதாவது ஆட்சியின் 38-ஆம் ஆண்டு. அறிஞர்கள் சுமார் கி.பி. 1000 என்கிறார்கள். கல்வெட்டுத் தமிழில் பழக்கம் உள்ளவர் எபிரேயக் கல்லைவிட இந்த யூதச் செப்பேட்டை விரைவாகப் படித்துவிடுவார். ஒரே சமூகம், 40 கி.மீ.க்குள் மூன்று ஆண்டு முறைகள்.

சொல்லுக்குள் ஒளிந்த ஆண்டு

ஆண்டை நேராக எழுதாமல் ஒரு வசனத்துக்குள் ஒளித்துவைப்பது யூதக் கல்வெட்டாளர்களுக்குப் பிடித்த விளையாட்டு. எழுத்துக்கு எண் மதிப்புத் தந்து சொல்லில் எண்ணை ஒளிக்கும் கேரளத்துக் கடபயாதி முறையை அறிந்தவர்களுக்கு இதன் சுவை உடனே புரியும். சங்கீதத்திலிருந்தோ ஏசாயாவிலிருந்தோ கட்டடத்துக்குப் பொருத்தமான ஒரு வரியை எடுப்பார்கள். அதில் சில எழுத்துகளின் மேல் மட்டும் புள்ளியோ சிறு கோடோ இடுவார்கள், அல்லது அவற்றைப் பெரிதாக்குவார்கள். குறியிட்ட எழுத்துகளை மட்டும் கூட்டினால் ஆண்டு.

பறவூருக்கு ஒப்பான கணக்கு ஒன்று. ‘ஷலோம்’ என்ற சொல்லின் எழுத்துகள் ஷின் 300, லாமெத் 30, வாவ் 6, மேம் 40. கூட்டினால் 376. ஐயாயிரத்தைச் சேர்த்தால் 5376, அதாவது 1615–16. பறவூர் ஜெபாலயத்தின் ஆண்டு அதே. அந்தக் கல்லில் இப்படி எழுதியிருக்கிறது என்று சொல்லவரவில்லை. அந்த ஆண்டில் ஒரு கல்வெட்டாளருக்குக் கையில் கிடைத்த அதிர்ஷ்டம் இது என்று காட்டவே. எல்லா ஆண்டும் இப்படி அமையாது. 5328-க்கு, அதாவது பரதேசி ஜெபாலயம் எழுந்த 1567–68-க்கு, வரும் எழுத்துகள் ஷின், காஃப், ஹேத். அதே வரிசையில் படித்தால் ‘மறந்தான்’. ஜெபாலய வாசலில் யாரும் அதை விரும்பமாட்டார்கள். இப்படி அபசகுனமாக வரும் ஆண்டுகளுக்கு எழுத்துகளை இடம் மாற்றி எழுதுவது உண்டு. நம் காலத்திலேயே 5744-க்கு, அதாவது 1983–84-க்கு, ‘அழிக்கப்படுவாய்’ என்று படியக்கூடிய வரிசையைத் தவிர்த்து, கடைசி இரண்டு எழுத்துகளை மாற்றிப் போட்டார்கள். இறங்குவரிசை குலைந்த ஆண்டைக் கண்டால் முதலில் இதைச் சோதியுங்கள்.

பழைய கல்லில் உயிர்க்குறிப் புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது. எழுத்தின் மேலே புள்ளி இருந்தால் அது எண்ணுக்கான அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதனால்தான் துருப்பிடித்த கம்பித் தூரிகையால் கல்லைத் தேய்ப்பது பெருங்குற்றம்: எழுத்து பிழைத்துக்கொள்ளும், புள்ளி போய்விடும், புள்ளியோடு ஆண்டும் போய்விடும். சுண்ணாம்பு பூசும்போதும் அதே கதை.

எண்போல் நிற்கும் சுருக்கங்கள்

ஆண்டின் முடிவில் லாமெத், பே, கோஃப் என்று மூன்று எழுத்துகள் வந்தால் ‘சிறு கணக்கின்படி’ என்று பொருள். ஆயிரத்தை விட்டிருக்கிறோம் என்று சொல்லும் குறிப்பு. இதையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் 210 ஆண்டு கூடிப்போகும். 30, 80, 100 என்று ஏறுவரிசையில் நிற்பதே அது எண் அல்ல என்பதற்கு அடையாளம்.

தோராச் சுருள்களை வைக்கும் பேழையின் திரையிலோ உச்சியிலோ காஃப், தாவ் என்ற இரண்டும் நிற்கும். 420 என்று படித்து, 5420, ஆகவே 1660 என்று ‘கண்டுபிடித்து’விடலாம். கொச்சி வரலாற்றில் 1662-க்கு இரண்டு ஆண்டு முன் என்பதால் கதை கட்டவும் வசதியாக இருக்கும். அது ‘கேதெர் தோரா’, தோராவின் கிரீடம் என்பதன் சுருக்கம். எண்ணாக இருந்தால் தாவ் முன்னால் வந்திருக்கும்.

கல்லறைக் கல்லின் தலையில் பே, நூன் என்று இருந்தால் ‘இங்கே அடக்கம்’. இது 80, 50 என இறங்குவரிசையில் இருப்பதால் வரிசை விதி உதவாது, இடம்தான் உதவும். சுருக்கம் கல்லின் உச்சியில் தனியாக நிற்கும், ஆண்டு உரையின் கடைசியில் வரும். அடியில் தாவ், நூன், ஸாதே, பேத், ஹே என்று ஐந்து எழுத்து இருந்தால் ‘ஆத்துமா ஜீவக்கட்டில் கட்டப்பட்டிருப்பதாக’ என்ற வேண்டுதல். இரண்டு யோத் சேர்ந்து நின்றால் இருபது என்று எண்ணாதீர்கள். இறைவனின் நான்கெழுத்துப் பெயருக்குப் பதிலாக எழுதுவது அது.

வாசலின் மேல் அடிக்கடி காணப்படும் வசனம் 118-ஆம் சங்கீதத்தின் 20-ஆவது: இது கர்த்தரின் வாசல், நீதிமான்கள் இதன்வழியே நுழைவார்கள் என்பது. பேழையின் மேல் ‘யார் முன் நிற்கிறாய் என்று அறிந்துகொள்’ என்ற வாக்கியம் வரும். இந்த இரண்டின் முதல் எழுத்துகளைப் பழகிக்கொண்டால் ஒரு கல் வாசலிலிருந்து வந்ததா பேழைப் பக்கமிருந்து வந்ததா என்று ஊகிக்கலாம்.

சின்னங்கள்: நட்சத்திரத்தை நம்பாதீர்கள்

ஆறுமுனை நட்சத்திரத்தைக் கண்டதும் யூதர் என்று முடிவுகட்டுவது நம் ஊரில் குறிப்பாக ஆபத்து. முருகன் கோயில் சென்றவர்களுக்கு ஷட்கோணம் தெரியும். தில்லி ஹுமாயூன் கல்லறையின் வளைவுகளிலும் அதே நட்சத்திரம். யூதரிடையேகூட ‘தாவீதின் கேடயம்’ பொதுச் சின்னமாகப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1897-இல் பாசெலில் கூடிய முதல் சியோனிச மாநாட்டுக்குப் பிறகு அது நிலைபெற்றது. அதற்கு முன் ப்ராக் போன்ற சில ஊர்களில் மட்டும் யூதச் சமூக அடையாளமாக இருந்தது. ஆகவே 16, 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தில் நட்சத்திரம் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, அது கட்டும்போது வைத்ததா, பின்னால் கம்பியோ கண்ணாடியோ மாற்றியபோது வந்ததா என்பதே. மட்டாஞ்சேரி யூதத் தெருவின் ஜன்னல் கம்பிகளில் இருக்கும் நட்சத்திரங்களுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

உள்ளே கண்ணைக் கவரும் நீலவெள்ளைத் தரை ஓடுகள் சீனத்தவை. தொங்கும் சரவிளக்குகள் பெல்ஜியத்தவை. அவற்றில் யூதப் பொருள் தேடிப் பயனில்லை. கேரள ஜெபாலயக் கூரைகளில் காணும் மரத் தாமரைகளும் அப்படியே: அந்த ஊர்த் தச்சர் கோயிலுக்குச் செதுக்கியதையே இங்கேயும் செதுக்கினார்.

கட்டடத்தைத் தெளிவாக அடையாளம் காட்டுபவை வேறு. பேழை நிற்கும் சுவர் மேற்கு, எருசலேம் அந்தத் திசை என்பதால். ஆனால் கேரளத்தில் பள்ளிவாசலின் தொழுகைத் திசையும் ஏறத்தாழ மேற்குதான். பாழடைந்த கட்டடத்தில் மேற்குச் சுவர் மாடம் மட்டும் எதையும் நிரூபிக்காது. நடுக்கூடத்தில் பித்தளைக் கம்பியிட்ட வாசிப்பு மேடை ஒன்று, பேழைக்கு எதிரே மாடியில் இன்னொரு மேடை. இந்த இரண்டாவது மேடை கேரள ஜெபாலயங்களுக்கே உரியது. மாடித் தரையில் அதன் தடம் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

விளக்குத்தண்டில் கிளைகளை எண்ணுங்கள். ஏழு என்றால் எருசலேம் ஆலயத்தின் மெனோரா. ஒன்பது என்றால் ஹனுக்கா என்ற யூதப் பண்டிகையின் விளக்கு, எட்டு நாளுக்கு எட்டும் ஏற்றுவதற்கு ஒன்றும். கல்லறையில் விரல் விரித்த இரு கைகள் ஆசாரியர் குலத்தையும், நீர்க்கூஜா லேவியர் குலத்தையும் சொல்லும். கிரீடம் தோராவுக்கு உரியது. பரதேசி ஜெபாலயத்தில் திருவிதாங்கூர் மகாராஜா அளித்த பொற்கிரீடமே தோராச் சுருளுக்கு இருக்கிறது; அங்கே அது வெறும் சின்னமாக நிற்கவில்லை.

பத்துக் கட்டளைப் பலகைகளைச் சரிபார்க்க எபிரேயம் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் முதல் ஓரிரு சொற்களே இருக்கும். ஆறு முதல் பத்து வரையிலான கட்டளைகள் ஐந்தும் ‘லோ’, அதாவது ‘செய்யாதே’ என்ற சொல்லில் தொடங்குகின்றன: லாமெத், ஆலெஃப். ஆகவே ஐந்து வரியும் ஒரே ஈரெழுத்தில் தொடங்கும் பலகை இடப்பக்கம் இருக்க வேண்டும். அது வலப்பக்கம் இருந்தால் யாரோ தமிழோ ஆங்கிலமோ எழுதுகிற பழக்கத்தில் பலகைகளை மாற்றிவிட்டார்கள். சொற்களுக்குப் பதில் வெறும் பத்து எழுத்துகள் இருந்தால் ஆலெஃப் வலப் பலகையின் உச்சியில் தொடங்கும்.

பதிவும் பழுதுபார்ப்பும்

தேய்ந்த கல்லுக்கு நண்பகல் வெளிச்சம் எதிரி. நிழல் விழாததால் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். இருட்டியபின் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல், சுமார் 10 முதல் 15 பாகைச் சாய்வில் பிடித்து, மேலிருந்து, கீழிருந்து, இட வலமாக நான்கு படம் எடுங்கள். கேமரா அசையக் கூடாது. தாலெத்தின் நீட்டம் மேலிருந்து வரும் ஒளியில் தெரியாமல் போய், வலப்பக்க ஒளியில் தெரியும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் இருக்க வேண்டும். எழுத்தில் சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தேய்க்காதீர்கள். கோயில் கல்வெட்டுக்கு எடுப்பதுபோல் மைப்படி எடுப்பது உறுதியான கருங்கல்லுக்குச் சரி; சுண்ணாம்புச் சுவரிலும் வண்ண மரத்திலும் ஈரத் தாளை ஒட்டினால் மேல்தோல் தாளோடு வந்துவிடும்.

மறுவண்ணம் பூசுவதற்கு முன் எழுத்துப் பகுதி முழுவதையும் ஒளிபுகும் தாளில் அதே அளவில் வரைந்துகொள்ள வேண்டும். வரிக்கு எத்தனை எழுத்து, எந்தெந்த எழுத்தின் மேல் புள்ளி என்று தனியே எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் தாளை மேலே வைத்துப் பார்த்தால் மூலை மழுங்கியதும் இடைவெளி அடைபட்டதும் தெரிந்துவிடும். ஹேயின் இடைவெளியைப் பழுது என்று நினைத்துப் பூசிவிடும் பூச்சுக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. முன்கூட்டியே சொல்லாதது மேற்பார்வையாளரின் தவறு. தாலெத்தா ரேஷா என்று தீராத இடத்தில் இருப்பதை இருந்தபடியே விடுங்கள். ஊகித்துத் தீட்டியது காய்ந்துவிட்டால் அடுத்து வருகிறவருக்கு அது மூலமாகிவிடும்.

புதிதாக வைக்கும் தகவல் பலகைகளில்தான் இப்போது அதிகம் கெடுகிறது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் எபிரேயத்தை ஒட்டினால் எழுத்துகள் இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். அச்சகத்தில் யாருக்கும் தெரியாது. இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. காஃப், மேம், நூன், பே, ஸாதே ஆகிய ஐந்துக்கும் சொல்லின் இறுதியில் மட்டும் வரும் தனி வடிவம் இருக்கிறது. மேம் மூடிய சதுரமாகும். மற்ற நான்கின் காலும் வரிக்குக் கீழே இறங்கும். இந்த வடிவங்கள் சொல்லின் இடக்கோடியில் நிற்க வேண்டும். வலக்கோடியில், சொல்லின் தொடக்கத்தில் நின்றால் பலகையை அச்சகத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.